மட்கார்டுல ஒட்டாத டேப்

...வீட்டுக்குள்ள வெறுங்கால்ல நடக்க முடியலைங்க, அதைத்தான் சொல்றேன்! இந்தக் குதிகாலைப் பாருங்க. சும்மா பாருங்க, எலும்பு டாக்டரு வாசல்ல உக்காந்துட்டு காலைக் காட்ட என்ன வெக்கம்? தேஞ்சு போச்சா இல்லையா? அம்பத்தாறு வயசு வரைக்கும் பூ மாதிரி வெச்சிருந்த காலு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மரக்கட்டை மாதிரி ஆயிடுச்சு. மாதிரி என்ன மாதிரி... உப்புத்தாளேதான்!

யாரு பண்ணினதா? எங்க வீட்டுக்காரரு. வேற யாரு வருவா?

கறுப்பா ஒரு டேப் இருக்கு, பாத்திருப்பீங்க. ஒரு பக்கம் பசை, மறுபக்கம் மணல் ஒட்டுன மாதிரி சொரசொரன்னு இருக்கும். பஸ் படிக்கட்டுல ஒட்டியிருப்பாங்களே, கால் வழுக்காம இருக்க... ஆங், அதேதான். அதை வீடு பூரா ஒட்டி வெச்சிருக்காரு. வாசப்படியில ஒட்டினாரு, சரி. மாடிப்படியில ஒட்டினாரு, சரி. குளியலறையில... சரிங்க, வயசாகுது, ஒத்துக்கறேன். கட்டிலை விட்டுக் காலைக் கீழ வெக்கிற இடத்துல எதுக்குங்க? விடியக்காலையில தூக்கக் கலக்கத்துல காலை வெச்சா, சுரீர்! ஸ்டூலு மேல ஒரு பட்டை ஒட்டியிருக்காரு. ஏறி நிக்கிற ஸ்டூலுன்னு நினைச்சாராம். அது உக்கார்ற ஸ்டூலு! என்னோட நல்ல புடவை ஒண்ணு... வேணாம். அதைப் பேசினா எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். அந்த டாக்டரு இன்னொரு மாடியில இருக்காரு.

நீங்க எத்தனாம் நம்பரு? நாப்பத்தொண்ணா? இப்பதான் முப்பத்தாறு போயிருக்கு. அப்ப நிறைய நேரம் இருக்கு, நிம்மதியா சாஞ்சு உக்காருங்க. முட்டியா? கட்டு போட்டிருக்கே. காலை நீட்டிக்கங்க, இருங்க, என் பையை இப்படி எடுத்துக்கறேன். அந்தப் புஸ்தகத்தை எடுக்காதீங்க, நான் நாலு தடவை படிச்சிட்டேன். அட்டையில சிரிக்கிறதோட சரி, உள்ள ஒண்ணும் இல்லை.

எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லை, தங்கச்சி... தங்கச்சின்னு கூப்பிடலாம்ல? எனக்குக் கல்லு உடம்பு. எங்க அண்ணிக்குத்தான். நாத்தனாரு, அவரோட கூடப் பொறந்த அக்கா. மணிக்கட்டு உடைஞ்சு ஆறு வாரமா மாவுக்கட்டு. இன்னிக்குத்தான் பிரிக்கிறாங்க. உள்ள கட்டுப் பிரிக்கிற ரூம்ல அக்காவும் தம்பியும் இருக்காங்க. கூட ஒருத்தருதான் போகலாமாம். 'நான் போறேன்'னு நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவரு எந்திரிச்சுட்டாரு. ஆறு வாரமா அப்படித்தான். அக்காவுக்குத் தண்ணி வேணுமா, அவருதான் ஓடுவாரு. அக்காவுக்கு மாத்திரையா, அவருதான். பாவம், மனசு உறுத்தல். தன்னாலதான் அக்கா விழுந்துட்டாங்கன்னு.

எல்லாம் அந்தப் படகால வந்த வினை.

படகுதாங்க! அவரு மீன் பிடிக்கிற தொழிலா? ஐயோ, இல்லை. லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருஷம். ரிட்டையர் ஆன அன்னிக்கு மாலையைக் கழட்டி நாற்காலியில போட்டுட்டு சொன்னாரு, "இத்தனை வருஷமா மேலயும் கீழயுமே போயிட்டு இருந்துட்டேன், இனிமே கொஞ்சம் நேரா போய்ப் பாக்கறேன்"னு. நான் ஏதோ ரயில்ல எங்கயாவது கூட்டிட்டுப் போகப் போறாருன்னு பெட்டியெல்லாம் தொடைச்சு வெச்சேன். பத்தாம் நாளு வாசல்ல ஒரு படகு நிக்குது! தண்ணியில நின்னா படகு. வாசல்ல நின்னா அதுக்குப் பேரு என்னங்க? ரெண்டு சக்கரம் வெச்ச டிரெய்லரு, அது மேல படகு. யாரோ வேணாம்னு ஓரங்கட்டினது. எங்க வீட்டுல இருந்து ஏரிக்கு முக்கா மணி நேரம் ஓட்டணும். போற போக்குல கிடந்ததை எடுத்து மடியில கட்டிக்கிட்ட கதை.

என் துணி காயப்போடற கொடி போச்சு. பக்கத்து வீட்டு சைக்கிள் நிக்கிற இடம் போச்சு, அதுக்கு அவங்க முகத்தைத் திருப்பிக்கிட்டு மூணு மாசம். ஜன்னலைத் தொறந்தா படகோட மூக்கு அடுப்படிக்குள்ள எட்டிப் பாக்குது. நான் டீ போட்டா அதுக்கும் ஒரு டம்ளர் குடுக்கணும் போல இருக்கும். மூணு வருஷம், தங்கச்சி! மூணு வருஷமா 'இதை வித்துத் தொலைங்க, வித்துத் தொலைங்க'ன்னு சொல்லாத நாள் இல்லை. அவரு சிரிப்பாரு. சிரிச்சுட்டு ஒரு துணியை எடுத்துட்டுப் போய்ப் படகைத் தொடைப்பாரு.

சும்மா சொல்லக் கூடாது, ஒரு தடவை கூடப் போனேன். தண்ணியில இறங்கினதும் அந்த மனுஷன் சீட்டி அடிக்கிறாருங்க! முப்பது வருஷத்துல வீட்டுல ஒரு நாள் அடிச்சதில்லை. அவருக்கு சீட்டி அடிக்க வரும்னே எனக்குத் தெரியாது. என்ன பண்றது, எனக்குத் தலை சுத்தல். திரும்பி வந்து படுத்தவ மறுநாள்தான் எந்திரிச்சேன். அதுக்கப்புறம் ஏரிக்கரையோட சரி. கூடையைப் பிடிச்சுட்டு நிப்பேன்.

எங்க விட்டேன்? ஆங், டிரெய்லரு.

இந்தப் படகுல ஏறுறது ஒரு வித்தை. ஏரிக்குள்ள சிமெண்டுச் சரிவு ஒண்ணு போட்டிருப்பாங்க. வண்டியைப் பின்னால விட்டு டிரெய்லரைத் தண்ணிக்குள்ள பாதி இறக்கணும். படகோட மூக்கை டிரெய்லருல ஒரு பெல்ட்டு பிடிச்சிருக்கும். அதை அவுக்கணும்னா டிரெய்லரோட இரும்புச் சட்டத்து மேல சர்க்கஸ்காரி மாதிரி நடக்கணும். படகுக்குள்ள ஏறணும்னா சக்கரத்துக்கு மேல மட்கார்டு இருக்குல்ல, அதுல ஒரு காலு, அங்க இருந்து உள்ள ஒரு காலு. மட்கார்டுதான் படி. அதுவோ வளைஞ்ச தகரம். ஈரம் வேற. "இதுல எல்லாம் வழுக்காத பட்டை ஒட்டணும்"னு அவரே சொல்லிட்டு இருந்தாரு. இந்த வாரம், அடுத்த வாரம்னு ரெண்டு மாசம். டேப் வாங்கிட்டு வந்து சுருட்டி அலமாரி மேலயே வெச்சுட்டாரு. ஊருக்கெல்லாம் லிஃப்ட்டைச் சரி பண்ணினவரு, சொந்த வேலைன்னா நாளைக்கு, நாளைக்கு. தையக்காரரு சட்டையில பொத்தான் இருக்காதாமே, அந்த மாதிரி.

அப்பதான் அண்ணி வர்றேன்னு போன் பண்ணினாங்க.

அண்ணியைப் பத்திச் சொல்லணும்னா... உங்களுக்கு நாத்தனாரு உண்டா? மூணு பேரா? அப்ப நான் விளக்கவே வேணாம்! எங்க அண்ணி டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா இருந்தவங்க. ஒரு தடவை காதுல விழுந்த நம்பரு சாகற வரைக்கும் மறக்காது. நம்பரு மட்டுமா? யாரு எந்த வருஷம் என்ன சொன்னாங்க, எந்தக் குழம்புல உப்பு தூக்கலா இருந்துச்சு... எல்லாம். வாயால ஒரு வார்த்தை குத்தமா சொல்ல மாட்டாங்க. அதுதாங்க கஷ்டம்! சொன்னா திருப்பிச் சொல்லிடலாம். அவங்க ஒரு விரலு வெச்சிருக்காங்க. இந்த ஆள்காட்டி விரலு. வந்து உக்காந்ததும் அந்த விரலு மெதுவா ஜன்னல் விளிம்புல போகும். மேசை ஓரத்துல போகும். டிவி மேல போகும். அப்புறம் விரல் நுனியைப் பாப்பாங்க. பாத்துட்டு ரொம்ப நல்லவங்களா கைக்குட்டையில தொடைச்சுக்குவாங்க. அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை. நான் என்ன வேலை பாக்கறேன் தெரியுமா? ஆபீஸ் கிளீனிங் சூப்பர்வைசரு! மூணு மாடிக் கட்டடம், எனக்குக் கீழ பதினோரு பேரு. எனக்கு எப்படி இருக்கும்?

அதனால ஒரு வாரம் லீவு போட்டு வீட்டைத் தொடைச்சேன். ஃபேன் இறக்கையில இருந்து வாசக் கதவு கீல் வரைக்கும் விடலை. அண்ணி வந்தாங்க. விரலு போச்சு. ஜன்னலு, ஒண்ணும் இல்லை. மேசை, ஒண்ணும் இல்லை. விரல் நுனியைப் பாத்துட்டு என்னைப் பாத்தாங்க. நான் டீயைக் கொண்டு போய் வெச்சேன். அன்னிக்கு என் வாழ்க்கையிலயே... சரி விடுங்க.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. "டேய் தம்பி, உன் படகுல நானும் வர்றேன்டா"ன்னாங்க. அறுபத்தெட்டு வயசு! வேணாம்னு நான் சொன்னேன். சொன்னேன், சத்தியமா சொன்னேன். என் தலை சுத்தலை எல்லாம் எடுத்துச் சொன்னேன். "உனக்குத்தானே சுத்துச்சு"ன்னுட்டாங்க. அக்கா கேட்டா தம்பிக்கு இமயமலையை எடுத்துட்டு வரணும். கிளம்பிட்டாங்க.

ஏரிக்குப் போனோம். டிரெய்லரை இறக்கினாரு. கரையில இருந்து ஏறினா சேறு, அண்ணி புதுச் செருப்பு. "இப்படியே ஏறிக்கிறேன்"னு மட்கார்டுல காலை வெச்சாங்க. அவரு படகுக்குள்ள நின்னுட்டு கையை நீட்டறாரு. ஒரு காலுதாங்க வெச்சாங்க... ரெண்டாவது காலைத் தூக்கலை, அதுக்குள்ள சொய்ங்னு ஒரு சத்தம். அவரு நீட்டுன கை காத்துல அப்படியே நிக்குது. அண்ணி சிமெண்டுல. விழுந்தவங்க கத்தக்கூட இல்லை. "தம்பி, கை போச்சுடா"ன்னாங்க, யாருக்கோ ட்ரங்க் கால் குடுக்கற மாதிரி, அவ்வளவு நிதானமா. நான் கையில கூடையோட நிக்கறேன்.

அப்புறம் இதே ஆஸ்பத்திரி, இதே பெஞ்சு. ஒரு வாரம் இருந்துட்டுப் போக வந்தவங்க. இப்ப ஆறு வாரம்.

ஆறு வாரம் எப்படிப் போச்சுன்னு கேக்கறீங்களா? வலது கையில கட்டு. சரி, விரலுக்கு ஓய்வுன்னு நினைச்சேன். நாலாம் நாளு பாக்கறேன், இடது கை விரலு ஜன்னல்ல போகுது! எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவங்களுக்கும் வந்துடுச்சு. "பழக்கம்மா, எங்க ஆபீஸ்ல லைன் மாத்திக் குடுக்கற போர்டுல தூசி படிஞ்சா பேச்சு கரகரங்கும், முப்பது வருஷம் தடவித் தடவிப் பாத்துப் பாத்து..."ன்னாங்க. பாருங்க அநியாயத்தை! கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் அந்த விரலை நினைச்சுத் தூக்கமில்லாம இருந்திருக்கேன், அது என்கிட்டக் குத்தம் கண்டுபிடிக்கவே இல்லை! தினம் காலையில நான்தான் அவங்களுக்குத் தலை சீவி விடுறேன். சீவும்போது பழைய டெலிபோன் கதையெல்லாம் சொல்லுவாங்க. ராங் நம்பர்ல பேசிப் பேசியே கல்யாணம் பண்ணிக்கிட்ட ஜோடி, லைன்ல குறட்டை விட்ட பெரிய ஆபீசரு... வயிறு வலிக்கும். நல்ல மனுஷி, தங்கச்சி. தாமதமாத் தெரிஞ்சுக்கிட்டேன்.

நம்பரு கூப்பிட்டாங்களா? முப்பத்தெட்டு. உங்களுது இல்லை, உக்காருங்க.

இவருதான் ஆளே மாறிட்டாரு. விழுந்த அன்னிக்குச் சாயங்காலமே அலமாரி மேல இருந்து அந்த டேப்பை எடுத்தாரு. எடுத்து என்ன பண்ணினாருங்கறீங்க? முறையா பண்ணினாருங்க, அதை நான் சொல்லியே ஆகணும். வேலைன்னு இறங்கினா அவரு கையே தனி. டிரெய்லரைச் சோப்புத் தண்ணி விட்டுக் கழுவி, துணியால தொடைச்சுக் காய வெச்சு, டேப்பை அளந்து வெட்டி, நாலு மூலையையும் கத்தரிக்கோல்ல வளைவா நறுக்கி... முனை கூரா இருந்தா அங்க இருந்துதான் உரியுமாம். என் முடி காய வெக்கிற மெஷினை எடுத்துட்டுப் போயிட்டாரு. பசையைச் சூடு பண்ணினா நல்லாப் பிடிக்குமாம். டிரெய்லருக்குத் தலை சீவி விடாததுதான் பாக்கி. சட்டத்து மேல ஒரு வரிசை, முன்னால கால் வெக்கிற பலகையில ஒரு வரிசை, ரெண்டு மட்கார்டு மேலயும் மும்மூணு பட்டை. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. ஏறி நின்னு குதிச்சுக் காட்டினாரு.

மறுநாள் காலையில போய்ப் பாத்தா சட்டத்துல இருக்குற டேப்பு அப்படியே இருக்கு. பலகையில இருக்கு. மட்கார்டுல மட்டும் காஞ்ச எலை மாதிரி சுருண்டு கிடக்கு, ஆறு பட்டையும்.

சரி, பழைய டேப்புன்னு புது டேப் வாங்கினாரு. உப்புத்தாள் போட்டு மட்கார்டைத் தேய்ச்சாரு, மறுபடி சோப்புத் தண்ணி, மறுபடி என் மெஷினு. ரெண்டு நாளு. உரிஞ்சு வந்துடுச்சு. சரி, டேப்பே வேணாம், பெயிண்டுன்னாரு. பெயிண்டை அடிச்சு அது ஈரமா இருக்கும்போதே மேல பொடி மணலைத் தூவி, காஞ்சதும் இன்னொரு பூச்சு. என் மாவுச் சல்லடையை எடுத்துட்டுப் போயி மணல் சலிச்சாரு, அந்தச் சல்லடை இனிமே எதுக்கு ஆகும்? அது போகட்டும். பெயிண்டு நிக்க மாட்டேங்குது! எண்ணெய்ப் பாத்திரத்துல தண்ணி விட்டா விலகி விலகி நிக்குமே, அந்த மாதிரி. அடிக்கிறாரு, விலகுது. அடிக்கிறாரு, அங்கங்க ஓட்டை ஓட்டையா கண்ணு விடுது.

வேற எங்க ஒட்டினாலும் ஒட்டுது. அக்கா விழுந்த இடத்துல மட்டும் ஒட்டலை. அது அவரு மனசுல போய் உக்காந்துடுச்சுங்க.

அதுக்கப்புறம்தான் வீடு பூரா ஒட்டினாரு. எனக்கு முதல்ல புரியலை, கிறுக்குப் பிடிச்சுருச்சுன்னே நினைச்சேன். தன்னோட கையைப் பரிட்சை பண்ணிப் பாத்திருக்காரு மனுஷன்! படியில ஒட்டிட்டு மறுநாள் போய் நகத்தால உரிச்சுப் பாக்கறாரு, பிடிச்சிருக்கு. குளியலறையில உரிச்சுப் பாக்கறாரு, பிடிச்சிருக்கு. மறுபடி மட்கார்டுக்குப் போவாரு, உரிஞ்சு வந்துடும்.

போன வாரம் ஒரு நாளு நான் துணி மடிச்சுட்டு இருக்கேன். கிட்ட வந்து ரெண்டு கையையும் இப்படி நீட்டறாரு. "ஏம்மா, என் கை முன்ன மாதிரி இல்லியோ? நடுங்குதா பாரு"ன்னாரு. அறுபத்தோரு வயசு மனுஷன், பள்ளிக்கூடத்துல நகத்தைக் காட்டுற புள்ளை மாதிரி. இருபது மாடி லிஃப்ட்டை ஒத்தைக் கயித்துல நிறுத்தி வெச்சு வேலை பாத்த கையி, தங்கச்சி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாகுதுல்ல"ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். வாயில அதுதான் வந்துச்சு. அவரு தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. மறுநாளே அடுத்த தெரு பேக்கரிக்காரருகிட்டப் பேசிட்டாரு. படகு, டிரெய்லரு எல்லாம் சேர்த்து. இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து எடுத்துட்டுப் போறாராம். "ஒரு டேப்பைச் சரியா ஒட்டத் தெரியாதவன் நாலு பேரைத் தண்ணியில கூட்டிட்டுப் போகக் கூடாது"ன்னுட்டாரு. அண்ணி எவ்வளவோ சொன்னாங்க, "என் வயசுக்கு நான் ஏறினதுதான்டா தப்பு, நீ விக்காதே"ன்னு. கேக்கலை. காலையில இருந்து அந்தப் படகைத் தொடைச்சுட்டு இருந்தாருங்க, குடுக்கப் போற பொருளு சுத்தமா இருக்கணும்னு.

எனக்குச் சந்தோஷமாத்தானே இருக்கணும்? மூணு வருஷமா கேட்டது. கொடி கட்டிக்கலாம், ஜன்னல் தொறந்தா வெளிச்சம் வரும்...

என்னது?

ஏன் மட்கார்டுல மட்டும் ஒட்டலைன்னா?

...நல்லாக் கேட்டீங்க. நல்லா இருக்கீங்களே நீங்க! இத்தனை நேரம் 'ம்', 'ம்'னு உக்காந்திருந்துட்டு, கேட்டது ஒண்ணு, அதுவும் இதையா கேக்கணும்? ஆறு வாரமா என்கிட்ட இந்தக் கேள்வியை யாருமே கேக்கலை. அண்ணி கேக்கலை. அவரு கையைக் கேட்டாரு, பசையைக் கேட்டாரு, கடைக்காரனைப் போய்க் கேட்டாரு. பொண்டாட்டிகிட்டக் கேக்கணும்னு தோணலை. எப்படித் தோணும்?

கொஞ்சம் கிட்ட வாங்க. அந்த நர்ஸம்மாவுக்குக் காது கூர்மை.

மெழுகு இருந்தா ஒட்டாதுங்க.

மேசை, நாற்காலிக்கெல்லாம் போடுவோமே, பளபளப்பா இருக்க, டப்பாவுல அழுத்தினா புஸ்ஸுன்னு வரும். எங்க ஆபீஸ்ல பெரிய மேனேஜரு மேசைக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கோம், சாதாரண மெழுகு இல்லை, சிலிக்கான் கலந்தது. போட்டா முகம் பாக்கலாம். சோப்புத் தண்ணிக்கெல்லாம் அது மசியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா இன்னும் உள்ளதான் இறங்கும். அதுக்குன்னு தனியா ஒரு திரவம் இருக்கு, அதை விட்டுத் தொடைச்சாத்தான் போகும். இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அவருக்குத் தெரியாது. லிஃப்டுக்கு யாரு மெழுகு போடுவா?

எனக்குத் தெரியும்.

அண்ணி வந்த அன்னிக்குக் காலையில வீடெல்லாம் முடிச்சுட்டு வாசல்ல வந்து நின்னு பாக்கறேன். வீடு கண்ணாடி மாதிரி இருக்கு. வாசல்ல இந்த டிரெய்லரு! சேறு காஞ்சு, மட்கார்டு ரெண்டும் மங்கி, கேட்டைத் தொறந்ததும் முதல்ல அதுதான் கண்ணுல படும். முதல் விரலு அங்கதான் விழும். கையில டப்பா இருக்கு. அடிச்சேன். ரெண்டு மட்கார்டுக்கும் அடிச்சேன், துணியால சுத்திச் சுத்தித் தேய்ச்சேன். மேனேஜரு மேசை தோத்துச்சு போங்க. 'இப்ப வெக்கட்டும் விரலை'ன்னு சொல்லிக்கிட்டேன், எனக்கு நானே.

அதுல மறுநாள் காலு வெப்பாங்கன்னு நினைச்சேனா?

நினைச்சிருக்கணும். புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு முதல் நாள் நான் சொல்ற முதல் பாடமே அதுதான். மிதிக்கிற இடத்துல பளபளப்பு ஏத்தாதே. இருபது வருஷமா சொல்றேன். மூணு மாடியில ஒருத்தரு வழுக்கினதில்லை. என் வீட்டு வாசல்ல, என் கையாலயே... யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குமாம். நான் அடுத்தவங்க தலையில இல்ல போட்டுட்டேன்!

சொல்லாம இல்லைங்க, சொல்ல வந்தேன். அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாம். அண்ணி வலியில இருக்காங்க, இப்ப எதுக்குன்னு விட்டேன். அப்புறம் அவரு டேப் ஒட்டினாரு, அது உரிஞ்சப்ப சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தள்ளிப் போட்டேன். ஒரு நாள் தள்ளினா ரெண்டு நாளு கனம் ஏறுது அது. அந்தக் கையை நீட்டினாரே, அன்னிக்காவது... எனக்கு வாயில வந்தது 'வயசாகுதுல்ல'. கல்லெடுத்து அடிச்சிருந்தாக்கூட அந்த மனுஷன் தாங்கியிருப்பாரு.

வீட்டு அலமாரியில நாலாவது தட்டுல, துணிக்குப் பின்னால அந்தத் திரவம் இருக்குங்க. ரெண்டு மூடி ஊத்தி, அரைமணி நேர வேலை. போயிடும். அதுக்கப்புறம் டேப் ஒட்டினா அந்த மட்கார்டே உரிஞ்சாலும் டேப் உரியாது. எனக்குத் தெரியும், தெரிஞ்சுட்டே ஆறு வாரமா...

ஐயோ, நாப்பத்தொண்ணு! உங்களைத்தான் கூப்பிடறாங்க. போங்க, போங்க. பாத்து எந்திரிங்க, முட்டியை மடக்காதீங்க, என் தோளைப் பிடிச்சுக்குங்க. என்னை அப்படிப் பாக்காதீங்க, தங்கச்சி. நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். நாலு மணிக்கு முன்னாடி சொல்லுன்னு சொல்லப் போறீங்க. மணி என்ன? பன்னெண்டரை. நேரம் இருக்கு, சொல்றேன்... சாப்பிட்டதும் சொல்றேன்... சரி, சரி, முறைக்காதீங்க! கதவைப் பிடிச்சுட்டு நிக்கறாங்க பாருங்க, போங்க. நல்லபடியா ஆகட்டும்.

...வாங்க அண்ணி, வாங்க, மெதுவா. காட்டுங்க பாக்கலாம். ஐயோ, எப்படி இளைச்சுப் போச்சு கையி! பரவால்லை, நான் தேறவெக்கறேன். விரலை மடக்க வருதா? ஆள்காட்டி? வருது. நல்லது. நீங்க இப்படி உக்காருங்க, இந்தப் பெஞ்சுல. நீங்களும் உக்காருங்க.

ஏங்க, உக்காருங்கன்னா. வண்டியை அப்புறம் எடுக்கலாம். மாத்திரைச் சீட்டை என்கிட்டக் குடுங்க.

அந்த பேக்கரிக்காரருக்கு ஒரு போன் போட்டு, இன்னிக்கு வர வேணாம்னு சொல்லிடுங்க. எதுக்கா? சொல்றேன். அவருகிட்ட அப்புறம் ஏதாவது சொல்லிக்கலாம், முதல்ல நான் உங்ககிட்டச் சொல்லணும். அண்ணி, நீங்களும் கேளுங்க, நீங்கதான் முக்கியமா கேக்கணும். கேட்டுட்டு ரெண்டு பேரும் என்ன வேணா திட்டுங்க. இங்க ஆஸ்பத்திரிதான், எது ஆனாலும் டாக்டரு இருக்காரு.

ஏங்க, உங்க கையைக் குடுங்க. ரெண்டையும். இப்படிக் குடுங்க, யாரு பாத்தா என்ன.

நடுங்கலைங்க. இந்தக் கையில ஒரு நடுக்கமும் இல்லை. அன்னிக்கு நான் சொன்னது பொய்யி. நீங்க ஒட்டினதுல ஒரு தப்பும் இல்லை.

நான்தான் மட்கார்டுக்கு மெழுகு போட்டேன்.